சார்ஜ் குறைந்தவருக்கே பிளக்

அந்தக் கிடங்கில் அவளை எல்லாரும் ஜட்ஜம்மா என்றுதான் கூப்பிட்டார்கள். மரியாதையில் வந்த பேர் அல்ல. வாயைத் திறந்தால் தீர்ப்புதான் வரும். யார் வரிசையில் முந்தினார்கள், யார் தண்ணீர் கேனைக் காலி செய்துவிட்டு அப்படியே வைத்துவிட்டுப் போனார்கள், யார் கழிப்பறைக் கதவைச் சாத்தாமல் வந்தார்கள் என்று எல்லாவற்றுக்கும் அவளிடம் ஒரு குற்றப்பத்திரிகை தயாராக இருக்கும். நாற்பதைத் தாண்டிய ஒடிசலான பெண். இரண்டு புருவத்துக்கும் நடுவில் ஆணி அடித்தது போல ஒரு கோடு. தூங்கும்போதும் அந்தக் கோடு போகாது என்று அவள் வீட்டுக்காரரே ஒருமுறை சொல்லிவிட்டு ஒரு வாரம் வாங்கிக் கட்டிக்கொண்டார்.

வீட்டில் அவள் பெரியவள். அந்த வீட்டுக்கு முதலில் வந்த மருமகள். அவளுக்குப் பின்னால் கொழுந்தனைக் கட்டிக்கொண்டு வந்தவள் சின்னவள். இந்தக் கதை இவர்கள் இரண்டு பேருடைய கதைதான். மற்றவர்கள் எல்லாரும் வேடிக்கை பார்த்தவர்கள்.

முதலில் கிடங்கைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் ஒரு போனுக்காக இப்படியெல்லாம் அடித்துக்கொள்வார்களா என்று நீங்கள் கேட்பீர்கள். அது துணிக் கிடங்கு. ஊரில் இருப்பவர்கள் படுத்துக்கொண்டே போனில் ஆர்டர் போடுகிற சட்டை, போர்வை, திரைச்சீலை எல்லாம் அங்கே இரும்பு அடுக்குகளில் கூரை வரைக்கும் கிடக்கும். ஆர்டர் வந்ததும் அடுக்குக்கு அடுக்கு ஓடி, பொட்டலத்தில் இருக்கிற கோடுகளை ஸ்கேன் செய்து, கூடையில் போட்டு அனுப்ப வேண்டும். ஸ்கேன் செய்வதற்குக் கம்பெனி கருவி தருமா என்றால், தராது. கம்பெனி கொடுத்தது ஒரு ஏப்ரனும் ஓர் அடையாள அட்டையும்தான். ஸ்கேன் உன் சொந்த போனில். மாடு உன்னுடையது, உழவு மட்டும் அவர்களுக்கு.

அந்தக் கம்பெனி ஆப் இருக்கிறதே, அது சார்ஜைக் குடிப்பதற்கென்றே செய்தது. காலையில் உள்ளே நுழைந்ததிலிருந்து கேமரா விழித்தே இருக்க வேண்டும். திரை அணையக்கூடாது. ஆள் எந்த அடுக்குக்குப் பக்கத்தில் நிற்கிறார் என்று பார்ப்பதற்காக லொகேஷனும் எப்போதும் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். போதாக்குறைக்குத் தகரக் கூரை. உள்ளே சிக்னல் ஒரு கோடு வரும், போகும். சிக்னல் கிடைக்காத போன் சும்மா இருக்காது, டவரைத் தேடித் தேடியே பாதி உயிரை விட்டுவிடும். புதுப் போன் வைத்திருப்பவன் சாயங்காலம் வரை தாக்குப்பிடிப்பான். பழைய போன் மத்தியானமே மூச்சு வாங்கும்.

வேலை நடுவில் போன் அணைந்தால் ஆபீஸ் கணக்கில் அது 'லைன் கட்'. நீ அடுக்குக்கு முன்னால் கூடையோடு நின்றுகொண்டிருந்தாலும் நீ அங்கே இல்லை என்றுதான் அர்த்தம். மூன்று லைன் கட் விழுந்தால் ஐடி மூடிவிடும். அப்பீல், அழுகை எதுவும் கிடையாது. சரி, சார்ஜ் போட்டுக்கொள்ளலாமே என்றால், துணியும் அட்டைப்பெட்டியும் இருக்கிற இடம், நெருப்புப் பிடிக்கும் என்று பவர் பேங்கை வாசலிலேயே பிடுங்கிவிடுவார்கள். ஓய்வறையில் முன்பு நாலு பிளக் பாயிண்ட் இருந்தன. யாரோ ஒரு புண்ணியவான் கெட்டில் போட்டு ஒன்றைக் கருக்கிவிட்டான். அவன் ஒன்றைக் கருக்கியதற்கு மேனேஜர் மூன்றை மூடினார். மிஞ்சியது ஒன்றே ஒன்று, பெஞ்சுக்கு மேலே, சுவரில்.

ஒற்றைப் பிளக்குக்குப் பழைய போன்காரர்கள் ஐந்தாறு பேர். மத்தியானச் சாப்பாட்டு மணி அடித்ததும் அங்கே நடந்த கூத்தைச் சொல்லி மாளாது. ஓடி வருவதும் இடிப்பதும் ஒருவன் சொருகியதை இன்னொருவன் பிடுங்குவதுமாகக் கிடந்தது. ஒருநாள் சார்ஜர் வயரே இரண்டாக அறுந்தது. அப்போதுதான் ஜட்ஜம்மா பெஞ்சில் ஏறி நின்று தீர்ப்புச் சொன்னாள்.

"இங்க பாருங்க, ஓடி வர்றவனுக்குத்தான் பிளக்குன்னா வயசானவங்க என்னைக்கும் சாகவேண்டியதுதான். யாருக்கு சார்ஜ் கம்மியா இருக்கோ அவங்களுக்குத்தான் பிளக்கு. எல்லாரும் போனை நீட்டுங்க, நம்பரைப் பாப்போம். ஒருத்தர் சொருகிட்டா அவங்களா உருவுற வரைக்கும் வேற யாரும் கை வைக்கக்கூடாது. ஆனா உருவிட்டா உரிமை போச்சு. திரும்ப நான்தான்னு வரக்கூடாது."

"போன் முழுசாவே செத்துப்போச்சுன்னா?" என்று ஒரு லோடுமேன் கேட்டார்.

"செத்த போன்ல நம்பர் தெரியுமா? அப்ப கணக்குல சேராது. வீட்டுலயே ஆஃப் பண்ணி எடுத்துட்டு வந்து செத்துப்போச்சும்பீங்க. எனக்குத் தெரியாதா உங்களை?"

நியாயமாகத்தான் இருந்தது. எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள். அன்றைக்கு அவளுக்கே குறைச்சலாக இருந்ததால் முதல் பிளக் அவளுக்கே கிடைத்தது என்பதையும் சொல்ல வேண்டும். ஊருக்கு நியாயம் சொல்கிறவர்களின் நியாயம் முதலில் அவர்கள் வீட்டு வாசலில்தான் போய் நிற்கும்.

இனி வீடு. அண்ணன் தம்பி இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே வீடு. மாமியார் காலத்திலிருந்தே ஒரு பெரிய அறை, ஒரு சமையலறை, அவ்வளவுதான். சின்னவள் வந்ததும் பெரிய அறையை நடுவில் பிளைவுட் வைத்துத் தடுத்தார்கள். ஜன்னல் பெரியவள் பக்கம் போயிற்று. மின்விசிறி சின்னவள் பக்கம் போயிற்று. அதிலிருந்து ஆரம்பித்தது பகை. இந்தப் பக்கம் இருமினால் அந்தப் பக்கம் தொண்டையைச் செருமுவார்கள். சின்னவளுக்குப் போனில் வீடியோ பார்த்துச் சிரிக்கிற வழக்கம் உண்டு. அந்தச் சிரிப்பு பிளைவுட்டைத் துளைத்துக்கொண்டு பெரியவளின் காதுக்குள் நேராக வரும். தன்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறாள் என்பதில் பெரியவளுக்குக் கடைசி வரைக்கும் சந்தேகமே வந்ததில்லை.

இரண்டு பேரும் நேருக்கு நேர் பேசி வருஷக்கணக்காகிவிட்டது. எல்லாம் ஜாடைதான். பெரியவள் பாத்திரத்தைப் பார்த்துப் பேசுவாள். "கழுவிக் கவுத்தத் தெரியாதவங்களுக்கெல்லாம் கல்யாணம் ஒரு கேடு" என்பாள் குக்கரிடம். சின்னவள் மிக்சியை ஓடவிட்டுக்கொண்டு, அது நிற்கிற நேரம் பார்த்து, "சில பேருக்கு வாய் மட்டும் இல்லேன்னா நாய்கூட மதிக்காது" என்பாள். புருஷன்மார்கள் இரண்டு பேரும் பெயிண்டர்கள். ஒரே சாரத்தில் நின்று ஒரே சுவருக்கு வெள்ளையடிப்பார்கள், ஒரே பீடியைப் பாதிப் பாதி இழுப்பார்கள். வீட்டுக்கு வந்தால் மட்டும் ஒருவரை ஒருவர் தெரியாதது போல இருந்துவிடுவார்கள். பிழைக்கத் தெரிந்தவர்கள்.

பெரியவள் கிடங்குக்கு வேலைக்குப் போனதே சின்னவள் முகத்தைப் பகலிலாவது பார்க்காமல் இருக்கலாம் என்றுதான். மூன்றே மாதத்தில் சின்னவளும் அதே கிடங்கில், அதே வரிசையில், அதே நிற ஏப்ரனில் வந்து நின்றாள். வேண்டுமென்றே வந்தாளா, ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு வந்தாளா, தெரியாது. பெரியவள் அன்று சாப்பிடவில்லை.

அன்றுதான் அவள் முடிவெடுத்தாள். தனியாகப் போய்விட வேண்டும். ஒரு பேக்கரிக்கு மேலே சின்னதாக ஒரு வீடு காலியாக இருந்தது. ஓர் அறைதான், ஆனால் முழு அறை. போய்ப் பார்த்தாள். ஜன்னல், மின்விசிறி இரண்டும் ஒரே அறையில் இருப்பதைப் பார்த்து அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. வீட்டுக்காரம்மா கறார். "பெயிண்டர்னா இன்னைக்கு வேலை இருக்கும், நாளைக்கு இருக்காது. உனக்கு கிடங்குல நிரந்தரம்னு ஆகட்டும், சாவியைத் தர்றேன். சீசன் முடியிற வரைக்கும் வேற யாருக்கும் விடமாட்டேன்" என்றார். பண்டிகை விற்பனை சீசன் முடிகிறபோது ஐடி மூடாமல் நிற்கிறவர்களைக் கம்பெனி நிரந்தரமாக்கும். ஆக, பெரியவளுக்கு வேண்டியது ஒன்றுதான். சீசன் முடியும் வரை மூன்றாவது லைன் கட் விழக்கூடாது.

ஏனென்றால் இரண்டு ஏற்கெனவே விழுந்துவிட்டது.

விழுந்த விதம்தான் அவள் வயிற்றில் நெருப்பைக் கட்டியது. அவள் போன் அவள் வீட்டுக்காரர் ஓட்டித் தேய்த்த போன். பேட்டரிக்கு வயசாகிவிட்டது. கடைக்காரன் புதுசு என்று சொல்லி மாற்றிக் கொடுத்த டூப்ளிகேட் பழசைவிட மோசம். அதை வைத்துக்கொண்டு அவள் சிக்கனத்தில் தவமே செய்தாள். திரை வெளிச்சத்தை முகம் தெரியாத அளவுக்குக் குறைத்தாள். பின்னணியைக் கறுப்பாக்கினாள். அதிர்வை நிறுத்தினாள், புளூடூத்தை அணைத்தாள், தானாக அப்டேட் ஆவதை நிறுத்தினாள். கம்பெனி ஆப்பைத் தவிர வேறு எதுவும் பின்னால் ஓடக்கூடாது என்று ஒவ்வொன்றாகக் கழுத்தை நெரித்தாள். வாட்ஸ்அப்பில் மகள் அனுப்புகிற செய்திகூடச் சாயங்காலம் திறந்தால்தான் வரும். அப்படியெல்லாம் செய்ததில் மத்தியானம் அவள் போனில் ஐம்பதுக்குக் குறையாமல் நிற்கும்.

சின்னவள் போனோ, பஸ்ஸில் வீடியோ, கழிப்பறையில் வீடியோ, டீ நேரத்தில் வீடியோ, வெளிச்சம் முழுசாக, சத்தம் முழுசாக என்று ஓடி மத்தியானத்தில் பத்துக்கு வந்திருக்கும். போனை நீட்டினால் யாருக்குக் குறைச்சல்? ஜட்ஜம்மா தீர்ப்புப்படி பிளக் சின்னவளுக்கு. மாசம் பூராவும் சின்னவளுக்கு. சிக்கனமாக இருந்தவள் ஐம்பதோடு வேலைக்குத் திரும்புவாள். அந்த ஐம்பது உண்மையான ஐம்பது அல்ல, கிழட்டு பேட்டரியின் ஐம்பது. முப்பது வரை ஒழுங்காக இறங்கும், பிறகு சில நாள் மட்டும் எட்டிக் கிணற்றில் குதித்தது போல ஒரேயடியாக அணைந்துவிடும். இரண்டு தடவை அப்படித்தான் குதித்தது.

இரண்டாவது தடவை அணைந்தபோது சின்னவள் அடுத்த அடுக்கில் நின்று ஸ்கேன் செய்துகொண்டிருந்தாள். அவள் கையில் அறுபது சதவீதத்தோடு போன் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தது. பெரியவள் பார்த்தாள். சின்னவள் பார்க்காத மாதிரி பார்த்தாள்.

விதியை மாற்றலாம் என்று ஓய்வறையில் பெரியவள் ஆரம்பித்துப் பார்த்தாள். "வீடியோ பாத்துத் தீத்துட்டு வர்றவங்களுக்கெல்லாம் பிளக்குன்னா அது என்ன நியாயம்?" என்றாள் சுவரைப் பார்த்து.

லோடுமேன் சிரித்தார். "ஜட்ஜம்மா, தீர்ப்பு சொன்னது நீங்க. இப்ப நீங்களே அப்பீலுக்கு வந்தா எப்படி?"

எல்லாரும் சிரித்தார்கள். சின்னவளும் சிரித்தாள். பிளைவுட்டைத் துளைக்கிற அதே சிரிப்பு.

அன்றிலிருந்து பெரியவள் ஒரு காரியம் செய்ய ஆரம்பித்தாள். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்று சொல்வார்களே, அதை நான் நிஜமாகக் கேள்விப்பட்டது இந்த ஒரு விஷயத்தில்தான். சார்ஜை எரிக்க ஆரம்பித்தாள். காலை டீ முடிந்ததும் வெளிச்சத்தை முழுசாக ஏற்றுவாள். டார்ச்சைப் போட்டு ஏப்ரன் பைக்குள் கவிழ்த்து வைப்பாள். ஹாட்ஸ்பாட்டைத் திறந்துவிடுவாள். அணைத்து வைத்திருந்த அத்தனையையும் ஒவ்வொன்றாக எழுப்பிவிடுவாள். மணி அடிக்கிற நேரத்தில் எட்டு, ஏழு என்று கொண்டுவந்து நீட்டினாள். பிளக் அவளுக்கு வந்தது. முதல் நாள் அவள் சாப்பாட்டை ருசித்துச் சாப்பிட்டதைப் பார்த்தவர்கள் சொன்னார்கள்.

சின்னவள் என்ன வாயில் விரல் வைத்தால் கடிக்கத் தெரியாதவளா? இரண்டே நாளில் புரிந்துகொண்டாள். அவளும் எரித்தாள். இவள் ஏழு என்றால் அவள் ஆறு. இவள் ஐந்து என்றால் அவள் நாலு. ஏலம் மேலே ஏறித்தான் எல்லாரும் பார்த்திருப்பார்கள், இது கீழே இறங்குகிற ஏலம். ஜீரோவுக்குப் போனால் செத்த போன், கணக்கில் சேராது, லைன் கட்டும் விழும். அதனால் ஒன்றுக்கும் ஜீரோவுக்கும் நடுவில் இருக்கிற அந்த நூல் மேல் இரண்டு பெண்களும் நடந்தார்கள். ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பது போல மற்றவர்கள் முன்கூட்டியே வந்து பெஞ்சில் உட்கார்ந்து, "இன்னைக்கு யாரு?" என்று டீக்குப் பந்தயம் கட்டினார்கள். அந்தப் பந்தயக்காரர்களை நினைத்தால் எனக்கு இன்னும் ஆத்திரமாக வருகிறது. ஒருவராவது, ஏம்மா, இரண்டு பேரும் எரிக்காமல் இருந்தால் இரண்டு பேருக்குமே சாயங்காலம் வரை வருமே என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் வேடிக்கை போய்விடுமே.

தினமும் அப்படி அடிமட்டம் வரைக்கும் வற்றவைத்து, சூடேற்றி, மறுபடி நிரப்பினால் எந்தப் பேட்டரிதான் உருப்படும்? பெரியவளின் போன் நாளுக்கு நாள் மோசமானது. கையில் வைத்தால் இஸ்திரிப் பெட்டி மாதிரி சுட்டது. அவளுக்கு அது தெரியாமல் இல்லை. சின்னவள் மாதம் பூராவும் அந்தச் சுவரோரத்தில் சாய்ந்துகொண்டு சாப்பிட்டதுதான் அவள் கண்ணில் நின்றது.

சீசனின் கடைசி நாள் வந்தது. அன்றைக்கு ஒரு சாயங்காலம் மட்டும் தாண்டிவிட்டால் நிரந்தரம். நிரந்தரம் என்றால் சாவி.

அன்று ஆர்டர் குறைவு. கடைசி நாளில் அப்படித்தான் இருக்கும். பழைய மாதிரி எல்லாவற்றையும் அணைத்துப் போட்டு, வெளிச்சத்தைக் குறைத்து, நிதானமாக வேலை பார்த்திருந்தால் பிளக்கே தேவைப்பட்டிருக்காது என்றுதான் நான் நினைக்கிறேன். டீ நேரத்தில் அவள் போனில் எழுபதுக்கு மேல் இருந்தது. பெரியவள் அதைப் பார்த்தாள், நம்பவில்லை. இரண்டு தடவை அவளைக் கிணற்றில் தள்ளிய பேட்டரியின் எழுபது அல்லவா. அதைவிட, நம்பிவிட்டால் இன்றைக்குப் பிளக் சின்னவளுக்குப் போய்விடும். அதை அவளால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை. டார்ச்சைப் போட்டாள். ஹாட்ஸ்பாட்டைத் திறந்தாள். இன்னும் இறங்கவில்லை என்று ஒரு வீடியோவையும் சத்தமில்லாமல் ஓடவிட்டு, வெளிச்சம் வெளியே தெரியாமல் இருக்கக் கைக்குட்டையில் சுற்றிப் பைக்குள் திணித்தாள். ஸ்கேன் செய்ய எடுக்கிறபோதெல்லாம் விரல் பொசுங்கியது.

மணி அடித்தது. பெஞ்சுக்கு முன்னால் கூட்டம் கூடியது.

"நீட்டுங்க, நீட்டுங்க" என்றார் லோடுமேன்.

சின்னவள் போனில் நாலு. பெரியவள் போனில் இரண்டு.

யாரோ கை தட்டினார்கள். பெரியவள் சார்ஜரைச் சொருகிவிட்டு, பெஞ்சின் சுவரோர மூலையில் உட்கார்ந்து, போனை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள். ஜெயித்துவிட்டோம் என்று இருந்தது. டிபன் பாக்ஸைக்கூடத் திறக்கவில்லை.

கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தாள். இரண்டு. மறுபடி பார்த்தாள். இரண்டு. திரையில் மஞ்சள் நிறத்தில் ஒரு வரி வந்து நின்றது. சூடு அதிகமாக இருக்கிறது, சார்ஜ் ஏறுவது நிறுத்தப்பட்டிருக்கிறது, ஆறியதும் தொடரும் என்றது.

வயரை ஆட்டிப் பார்த்தாள். முனையை ஊதிப் பார்த்தாள். பிறகு யாரும் பார்த்துவிடக் கூடாது என்று இன்னும் இறுக்கிப் பொத்திக்கொண்டாள். உள்ளங்கைச் சூடும் அதோடு சேர்ந்துகொண்டது.

சின்னவள் பார்த்துவிட்டாள். அடுத்தவர் போனைப் பார்ப்பதில் அவளுக்கு எப்போதும் கூர்மையான கண். எழுந்து பக்கத்தில் வந்து நின்றாள். வருஷக்கணக்கில் நடக்காத ஒன்று அப்போது நடந்தது. நேராக முகத்தைப் பார்த்துப் பேசினாள்.

"அக்கா, அது சூடாயிருக்கு. இப்ப ஏறாது. கவரைக் கழட்டி அந்த ஜன்னல் காத்துல வைங்க, பத்து நிமிஷத்துல ஆறிடும். அதுவரைக்கும் நான் போட்டுக்கறேன். ஆறினதும் உருவி உங்ககிட்டயே குடுத்துடறேன்."

பெரியவள் நிமிர்ந்து பார்த்தாள். சின்னவள் முகத்தில் சிரிப்பில்லை. அதுதான் பெரியவளுக்கு இன்னும் பயமாக இருந்தது. உருவினால் உரிமை போச்சு. தான் பெஞ்சில் ஏறி நின்று சொன்ன வார்த்தை. உருவிய அடுத்த நிமிஷம் இவள் சொருகுவாள், மணி அடிக்கிறவரை அசைய மாட்டாள், கேட்டால் சட்டம் பேசுவாள். அவள் இடத்தில் தான் இருந்திருந்தால் அப்படித்தானே செய்திருப்போம் என்று பெரியவளுக்கு நன்றாகத் தெரியும்.

"சக்கரையா பேசினா மயங்கிடுவேன்னு நினைப்பு" என்றாள் பெரியவள், டிபன் பாக்ஸிடம்.

"அக்கா, நான் உங்ககிட்டதான் பேசறேன். உங்களுக்கு ஏற்கெனவே ரெண்டு இருக்கு. இன்னைக்கு கடைசி நாள்."

"எத்தனை இருக்குன்னு எண்ணிக்கிட்டுதான் இருந்தியா?"

"சரி, நான் போட்டுக்கலை. யாரும் போட வேணாம். நீங்க உருவி காத்துல வைங்க, நான் இங்கயே நின்னு வேற யாரும் சொருகாம பாத்துக்கறேன்."

இந்த வார்த்தையைக் கேட்டதும் பெரியவளுக்குச் சந்தேகம் உறுதியாகவே ஆகிவிட்டது. இத்தனை இறங்கி வருகிறாள் என்றால் பெரிய குழியாகத்தான் வெட்டியிருக்கிறாள். லோடுமேன்கூட, "ஜட்ஜம்மா, அந்தப் பொண்ணு சொல்றதுல தப்பில்லையே" என்று ஆரம்பித்தார். பெரியவள் அவர் பக்கம் திரும்பிய பார்வையில் அவர் சாப்பாட்டைப் பிசையப் போய்விட்டார்.

"நானா உருவுற வரைக்கும் யாரும் கை வைக்கக்கூடாது" என்றாள் பெரியவள். "போ."

சின்னவள் போய்ச் சாப்பிட உட்கார்ந்தாள். பெரியவள் அந்த இடைவேளை முழுவதும், ஒரு சொட்டுக்கூட ஏறாத போனை அந்தக் கூடத்தின் ஒரே பிளக்கில் சொருகிவைத்து, இரண்டு கையாலும் பொத்தி, அதை ஆறவும் விடாமல் அடைகாத்தாள். தன் மூக்கு அறுந்தாலும் எதிரிக்குச் சகுனத்தடை என்று இதைத்தான் சொல்வார்கள். எதிரே நாலு சதவீதத்தோடு சின்னவள் சோற்றைக் கிளறிக்கொண்டிருந்ததைப் பார்க்கப் பார்க்கப் பெரியவளுக்கு உள்ளே ஒரு நிம்மதி பரவியது. இத்தனை வருஷத்தில் அவ்வளவு நிம்மதியாக அவள் உட்கார்ந்ததில்லை. இதைச் சொல்ல எனக்கே பிடிக்கவில்லை, ஆனால் உண்மை அதுதான்.

மணி அடிப்பதற்குச் சற்று முன்னால் மஞ்சள் வரி மறைந்தது. இரண்டு மூன்றானது. மூன்று நாலானது. மணி அடித்தது.

முதல் அடுக்கிலேயே சின்னவள் போன் அணைந்தது. அவளுக்கு அது முதல் லைன் கட். உதட்டைப் பிதுக்கிக்கொண்டு போய் ஓரமாக நின்றாள். பெரியவள் ஒரு கூடையை நிரப்பினாள். இரண்டாவது கூடையில் ஒரு போர்வைப் பொட்டலத்தின் மேல் போனை நீட்டியபோது திரை கறுத்தது. அவள் பொத்தானை அழுத்தினாள். நகம் வெளுக்கும்வரை அழுத்திக்கொண்டே நின்றாள்.

சூப்பர்வைசர் கையில் டேப்லெட்டோடு வந்தார். அவர் பொல்லாதவரும் அல்ல, நல்லவரும் அல்ல. "உங்க ஐடி மூடிடுச்சு. ஏப்ரனையும் அட்டையையும் வாசல்ல குடுத்துட்டுப் போங்க" என்றார்.

"சார், நான் இங்கதானே நிக்கறேன். பாருங்க, கூடை என் கையிலதான் இருக்கு."

"அது எனக்குத் தெரியுதும்மா. சிஸ்டத்துக்குத் தெரியலையே" என்றார் அவர், அடுத்த அடுக்குக்கு நடந்துகொண்டே.

சாயங்காலம் சின்னவள் வேலை முடித்து வந்தபோது பெரியவள் சமையலறையில் விளக்குப் போடாமல் உட்கார்ந்திருந்தாள். சின்னவள் விளக்கைப் போட்டாள், பையை வைத்தாள், தண்ணீர் குடித்தாள். பெரியவளுக்கு வாய் அரித்தது. குக்கரைப் பார்த்தாள். பாத்திரத்திடம் பேசத் தெம்பில்லை போலிருக்கிறது, நேராகவே கேட்டுவிட்டாள்.

"இப்ப சந்தோஷமா? நினைச்சதை சாதிச்சுட்டே."

சின்னவள் டம்ளரைக் கவிழ்த்தாள். அவள் குரலில் கோபம் கொதித்தது.

"சந்தோஷமா எனக்கு? அக்கா, இன்னைக்கு நீங்க தப்பிச்சிருக்கணும்னு உங்களைவிட நான்தான் அதிகமா ஆசைப்பட்டேன். அந்த பேக்கரி வீட்டு விஷயம் எனக்குத் தெரியும். உங்க பொண்ணு நேத்துதான் சொன்னா. நீங்க தனியா போறீங்கன்னு கேட்டதுலேருந்து எனக்கு ராத்திரி தூக்கமே இல்லை, அவ்ளோ சந்தோஷம். பிளைவுட்டைப் பிரிச்சிடலாம், கட்டிலை ஜன்னலோரம் போடலாம்னு நூலை வெச்சு அளவுகூட எடுத்துட்டேன். இன்னைக்கு காலையிலேருந்து நான் ஒரு சொட்டு எரிக்கலை. நாலுங்கறது சும்மா வீடியோ பாத்த நாலு. நீங்க இந்த வீட்டை விட்டு ஒழியணும்னுதான் உங்ககிட்ட வந்து கெஞ்சினேன். அதையும் கெடுத்துட்டீங்களே."

இத்தனை வருஷத்தில் சின்னவள் சொன்ன எதையும் பெரியவள் நம்பியதில்லை. இதை மட்டும் முழுசாக நம்பினாள். இவ்வளவு ஆசையாக ஒருத்தியைத் துரத்த நினைப்பது எப்படி இருக்கும் என்று அவளைவிட யாருக்குத் தெரியும்? அந்தப் பத்து நிமிஷம் சத்தியமான பத்து நிமிஷம். கேட்டிருந்தால் இந்நேரம் சாவி கையில் இருந்திருக்கும்.

"சொல்லியிருக்கலாமே" என்றாள் பெரியவள்.

"என்னன்னு சொல்றது? நல்லதுக்கு சொன்னேன்னா நம்பினீங்களா? கெட்டதுக்கு சொன்னேன்னு சொல்லியிருந்தா மட்டும் நம்பியிருப்பீங்க போல. எனக்கு அது தோணலை."

அந்த வீட்டில் வேலைக்குப் போகாமல் இருப்பவள் எல்லாருக்கும் சமைக்க வேண்டும் என்பது மாமியார் காலத்திலிருந்து வருகிற வழக்கம். மறுநாள் காலையில் பெரியவள் அடுப்பைப் பற்றவைத்தாள். வீட்டுக்காரர், மகள், கொழுந்தன் என்று ஒவ்வொரு டிபன் பாக்ஸாக மூடினாள். பேக்கரி வீட்டை வேறு யாரோ பார்த்துவிட்டுப் போனார்கள் என்று மகள் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிக்கொண்டே சொன்னாள். நிரந்தரமாகிவிட்ட சின்னவள் தலையை வாரிக்கொண்டு, ஏப்ரனை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வந்து வாசற்படியில் நின்றாள்.

"அக்கா, எனக்குக் கட்டிட்டீங்களா? பஸ் வந்துடும்."

பெரியவள் நாலாவது டிபன் பாக்ஸை எடுத்துச் சோற்றைப் போட ஆரம்பித்தாள்.